முந்திரிக்கொத்துக்கு எந்த தீம்?

போன ஆடியில், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், திங்கள்சந்தையிலிருந்து மைனி (மதினி) வந்திருந்தார். ஒரு கையில் தூக்குவாளி நிறைய அச்சப்பம், இன்னொரு கையில் போன். காப்பி ஆறுவதற்குள் போனை என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, இது கொள்ளாமா பாருங்க."

திரையில் ஏதோ வெளிநாட்டுக் காப்பிக்கடையின் இணையதளம். கறுத்த பின்னணி. திரை முழுக்க ஒரு வீடியோ: வெள்ளைக் கோப்பையில் காப்பி மெதுவாக இறங்குகிறது, ஆவி பறக்கிறது. அதன்மேல் மயிரிழை போன்ற வெள்ளை எழுத்தில் மூன்றே மூன்று சொற்கள். உண்மையில் அப்படி ஒரு கடையே கிடையாது. இணையதளங்களுக்குத் தோற்றம் கொடுக்கும் தீம்களை விற்கிறவர்கள் மாதிரிக்காக வைத்திருந்த டெமோ அது.

மைனி வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். முந்திரிக்கொத்து, அச்சப்பம், நேந்திரங்காய் வற்றல், மரச்சீனி வற்றல். தீபாவளி, கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் அடுப்பு அணையாது. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் கேட்கிற ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைத் தட்டித் தட்டி அலுத்துப்போய்தான் இணையதளம் வேண்டும் என்று முடிவு செய்தார். காலேஜில் படிக்கிற மகன் டொமைன், அதாவது தளத்துக்கான முகவரி, வாங்கிக் கொடுத்துவிட்டான். மீதி என் தலையில்.

"படம் கொள்ளாம் மைனி. ஆனா இதுல முந்திரிக்கொத்து எங்க வரும்?"

"அந்தக் காப்பி ஊத்துற இடத்துல போட்டா போச்சு."

புதிதாகத் தளம் தொடங்குகிற யாரும் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். அதனால் தீம் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கவேண்டியிருந்தது. நல்லவேளையாக உதாரணம் தூக்குவாளியிலேயே இருந்தது.

அச்சப்பத்துக்கு மாவு வேறு, அச்சு வேறு. பச்சரிசி மாவும் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்ந்த கரைசல்தான் ருசி. பூப்போன்ற வடிவத்தைக் கொடுப்பது இரும்பு அச்சு. அதே மாவை வேறு அச்சில் முக்கினால் வேறு பூ. இணையதளமும் அப்படித்தான். உங்கள் சொற்கள், படங்கள், விலைப்பட்டியல் எல்லாம் மாவு. தீம், டெம்ப்ளேட், வார்ப்புரு என்று பல பெயரில் சொல்லப்படுவது அச்சு. தலைப்பு எங்கே வரவேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், படங்கள் வரிசைக்கு எத்தனை, போனில் பார்த்தால் எப்படி மடங்கவேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த கோப்புகளின் தொகுப்பு அது. இவை இரண்டையும் சேர்த்து இயக்குகிற அடுப்பு ஒன்று வேண்டுமே, அது வேர்ட்பிரஸ், பிளாகர் போன்ற மென்பொருள்.

வேர்ட்பிரஸ் போன்றவற்றில் உங்கள் எழுத்து தரவுத்தளம் என்கிற தனிப் பெட்டியில் கிடக்கும். யாராவது உங்கள் தளத்தைத் திறக்கும்போது மென்பொருள் அந்தப் பெட்டியிலிருந்து எழுத்தை எடுத்து, தீம் என்கிற அச்சில் முக்கி, பக்கமாக்கிக் கொடுக்கும். ஆகவே தீமை மாற்றினால் எழுத்து அழியாது. வேர்ட்பிரஸில் இந்த வசதி 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் தளத்தின் தோற்றத்தை அடியோடு மாற்றவேண்டுமென்றால் மென்பொருளின் கோப்புகளுக்குள்ளேயே கைவைக்கவேண்டும். இப்போது இரண்டு சொடுக்கில் முடிகிறது. அதனால்தான் ஆயிரக்கணக்கான தீம்கள். அதனால்தான் இவ்வளவு குழப்பமும்.

ஒரு எச்சரிக்கை. மாவு அழியாது என்றேன், மேலே தூவிய எள் உதிரலாம். மெனு இருந்த இடம், பக்கவாட்டில் வைத்த பெட்டிகள், முகப்பில் அந்தத் தீமுக்கென்றே உள்ள தனி அலங்காரங்கள் எல்லாம் தீம் மாற்றும்போது கலைந்துபோகும். மாதக் கட்டணம் வாங்கி எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்கிற சேவைகள் சிலவற்றில், ஒருமுறை எடுத்த வார்ப்புருவை அந்தத் தளத்துக்குப் பிறகு மாற்றவே முடியாது. சேரும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டெமோ என்பது கல்யாணக் கார்டு ஆல்பம்

இணைய வேலைக்கு வருவதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை, பார்த்தேன். கல்யாணக் கார்டு எடுக்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆல்பத்தைப் புரட்டி, தங்க ஜரிகை போட்ட ஒரு கார்டில் கை நிற்கும். அந்த மாதிரிக் கார்டில் மணமகன் பெயர், மணமகள் பெயர், தேதி, மண்டபம் என்று நாலே வரி, சுற்றிலும் ஏராளமான வெற்றிடம். அழகாகத்தான் இருக்கும். முன்பணம் கொடுத்த பிறகு பையிலிருந்து ஒரு தாள் வெளியே வரும். இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, பட்டங்களோடு மாமன்மார், துபாயில் இருக்கிற சித்தப்பா, காலையில் கோயில் அல்லது தேவாலயம், மாலையில் வரவேற்பு, வந்து சேர வழி. எல்லாவற்றையும் அந்த நாலு வரி இடத்தில் திணிக்கச் சொல்வார்கள். கடைசியில் தாத்தாவின் பெயரை தாத்தாவாலேயே வாசிக்கமுடியாத அளவுக்கு எழுத்து சின்னதாகும்.

தீம் டெமோவும் அதே ஆல்பம்தான். அதில் உள்ள படங்கள் தொழில்முறைப் புகைப்படக்காரர் எடுத்தவை. சொற்களோ அந்த வடிவமைப்புக்கு என்றே அளந்து வைத்தவை. பல டெமோக்களில் லோரம் இப்சம் என்று தொடங்கும் அர்த்தமற்ற லத்தீன் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துவுக்கு முன் 45ஆம் ஆண்டில் சிசரோ எழுதிய தத்துவ நூலிலிருந்து பிய்த்துக் குழப்பியெடுத்த வரிகள் அவை. மூன்று பெட்டி இருந்தால் மூன்றிலும் சரியாக இரண்டரை வரி நிற்கும்படி அதை வெட்டிக்கொள்ளலாம். மைனியின் அச்சப்பம் பற்றி ஒரு வரி, முந்திரிக்கொத்து பற்றி ஆறு வரி என்றால் பெட்டிகள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும்.

அதனால் தீம் பக்கமே போகாமல் மைனியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் ஆட்கள் கேட்பதை எல்லாம் எழுதச் சொன்னேன். இரண்டு நாளில் எழுதிக்கொண்டு வந்தார். என்னென்ன இருக்கிறது, கிலோ என்ன விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பார்சல் அனுப்புவீர்களா, கல்யாணத்துக்குச் சீர்ப் பலகாரம் வேண்டுமென்றால் எத்தனை நாளுக்கு முன் சொல்லவேண்டும், முந்திரிக்கொத்தில் முந்திரி எவ்வளவு போடுவீர்கள்.

கடைசிக் கேள்வியைப் பார்த்து இருவருமே சிரித்தோம். முந்திரிக்கொத்தில் வெளியூர்க்காரர்கள் நினைக்கிற முந்திரி கிடையாது. வறுத்துப் பொடித்த சிறுபயறும் வெல்லப் பாகும் தேங்காயும் எள்ளும் ஏலமும்தான் உள்ளே. உருண்டைகளை மூன்று மூன்றாக ஒட்டி மாவில் முக்கிப் பொரிப்பதால் திராட்சைக்கொத்து போலத் தெரியும். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. மற்ற முந்திரிக்கு இங்கே அண்டிப்பருப்பு என்று பெயர், அதை உடைக்கிற இடம் அண்டியாபீஸ். தீம்களின் பெயரும் இதே கதைதான். உணவகத் தீம் என்று பெயர் வைத்திருப்பதால் அது பலகாரக் கடைக்குப் பொருந்தும் என்று இல்லை. உள்ளே மேசை பதிவு செய்கிற படிவமும் சமையல் நிபுணர்களை அறிமுகப்படுத்தும் பக்கமும்தான் இருக்கும். ஒரு வக்கீலுக்கென்று செய்த எளிய தீம் மைனிக்கு அதைவிட நன்றாகப் பொருந்தக்கூடும். பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் எது எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

நோட்டைப் பார்த்ததும் தேவை தானாகத் தெளிந்தது. பலகாரங்களும் விலையும் ஒரு பக்கம். ஆர்டர் செய்வது எப்படி என்று ஒரு பக்கம். மைனி யார் என்று சொல்ல ஒரு சின்னப் பத்தி, படத்தோடு. எந்தப் பக்கத்தில் நின்றாலும் விரலுக்கு எட்டும் தூரத்தில் வாட்ஸ்அப் பொத்தான். அடியில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். முடிந்தது. படங்கள் தானாக நகரும் ஸ்லைடர் தேவையில்லை. எங்கள் குழு என்று கோட்டு போட்ட நாலு பேர் நிற்கிற பக்கம் தேவையே இல்லை. டெமோவில் இருக்கிறதே என்பதற்காக அப்படிப்பட்ட பக்கங்களை வைத்துக்கொண்டு, நிரப்ப ஆளில்லாமல் காலியாக விட்ட தளங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த நோட்டோடுதான் தீம் தேடப் போகவேண்டும். தேடும்போது நான் செய்கிற சோதனை ஒன்றுதான், கொஞ்சம் முரட்டுத்தனமானது. உங்களிடம் இருப்பதிலேயே மோசமான படத்தையும், நீளமான பெயரையும், மிகக் குறைந்த சரக்கையும் அதில் போட்டுப் பாருங்கள். நல்ல படத்தைப் போட்டால் எந்தத் தீமும் அழகாகத்தான் தெரியும். மைனியின் படங்கள் சமையலறை டியூப்லைட் வெளிச்சத்தில், சுளவில் (முறத்தில்) பலகாரத்தைப் பரப்பிவைத்து, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. டெமோவோ அகலமான, இருட்டான படங்களை எதிர்பார்க்கிறது. நெட்டைப் படத்தை அந்த அகலப் பட்டையில் போட்டபோது தீம் மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு, சுளவின் நடுப்பகுதியை மட்டும் காட்டியது. முந்திரிக்கொத்தா செங்கல்லா என்று தெரியவில்லை.

தமிழைப் போட்டால்தான் தெரியும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். ஆங்கிலத்தில் வருகிற தீம் வழிகாட்டிகளில் இது இருக்காது, நமக்கோ பாதித் தொல்லை இங்கேதான்.

பெரும்பாலான தீம்கள் லத்தீன் எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. டெமோவில் மயக்கிய அந்த எழுத்துருவில் தமிழே இருக்காது. நீங்கள் தமிழில் எழுதியதும் உலாவி (பிரவுசர்) அந்த எழுத்துருவைக் கைவிட்டு, கருவியில் இருக்கிற ஏதாவது தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். மூன்று கருவியில் மூன்று முகம். நீங்கள் காசு கொடுத்த முகம் எதிலும் வராது. ஆகவே தீமைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்துருவை மாற்ற இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூகுள் எழுத்துருக்களில் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கட்டமரன் என்று பல இலவசமாகவே இருக்கின்றன. கட்டமரன் நம் கடற்கரையில் இன்றும் இறங்குகிற கட்டுமரமேதான், ஆங்கிலத்துக்குப் போய் எழுத்துருவாகத் திரும்பி வந்திருக்கிறது. மெலிந்ததிலிருந்து தடித்தது வரை ஒன்பது கனங்களில் அது கிடைப்பதால் தலைப்புக்கும் உடலுக்கும் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம். மீரா இனிமையில் ஒரே ஒரு கனம்தான். அதை வைத்துவிட்டுத் தலைப்பைத் தடிக்கச் சொன்னால் உலாவி தானாகவே மசியை அப்பி ஒப்பேற்றும்.

அடுத்து உயரம். தமிழில் மேலே புள்ளியும் சுழியும் நிற்கும், கீழே கு, மூ, ஞு போன்றவற்றின் வால் தொங்கும். லத்தீன் எழுத்துக்கு அளந்த வரி இடைவெளியில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் உயரத்தைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரை வரி இடைவெளி இருந்தால் கண்ணுக்கு இதம் என்பது என் அனுபவம். எழுத்தளவு உடல்பகுதியில் 17, 18 பிக்சலுக்குக் குறையவேண்டாம். 14இல் ஆங்கிலம் வாசிக்கலாம், ‘ஞ’வும் ‘ணை’யும் அந்த அளவில் கறுப்புப் புள்ளிகள்.

அப்புறம், தலைப்பை எடுத்துக்காட்டப் பல தீம்கள் ஒரு சுலபமான வேலை செய்யும். எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்கி, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? அந்த மாற்றம் தமிழில் ஒன்றுமே செய்யாது, தலைப்பும் பத்தியும் ஒரே மாதிரி நிற்கும். இடைவெளி மட்டும் வேலை செய்யும், சொல் எழுத்தெழுத்தாகப் பிய்ந்து கிடக்கும். மேற்கோளைச் சாய்த்துக் காட்டுவதும் இப்படித்தான். சாய்வு நம் மரபில் இல்லாததால் உலாவி எழுத்தை வலுக்கட்டாயமாகத் தள்ளிச் சாய்க்கும், சூறைக்காற்றில் சாய்ந்த வாழை மாதிரி. இவற்றையெல்லாம் நிறுத்திவைக்கத் தீமின் அமைப்புப் பக்கத்தில் வழி இருக்கவேண்டும்.

நீளம் இன்னொரு சங்கடம். டெமோ மெனுவில் ஹோம், ஷாப், அபவுட், கான்டாக்ட் என்று நாலு குட்டிச் சொற்கள் ஒரே வரியில் அழகாக உட்கார்ந்திருக்கும். நாம் முகப்பு, பலகாரங்கள், எங்களைப் பற்றி, தொடர்புகொள்ள என்று போட்டதும் வரி மடிந்து இரண்டாகும். பலகாரப் பெட்டிகளை போனில் வரிசைக்கு மூன்றாக வைத்த தீமில் முந்திரிக்கொத்து என்கிற ஒரே சொல் பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. போனில் வரிசைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. தமிழுக்கு அதுதான் சரி. இரண்டு ஓரமும் நேராக நிற்கவேண்டும் என்று வரிகளை இழுத்துக் கட்டுகிற தீம்களையும் தவிர்த்துவிடுங்கள். நம் சொற்கள் நீளமானவை என்பதால் போன் திரையின் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்கள்தான் அடங்கும், நடுவில் பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும்.

தீம் தானாகச் சொல்கிற சொற்களையும் கவனியுங்கள். மேலும் வாசிக்க, தேடு, முந்தையது, அடுத்தது எல்லாம் தீமுக்குள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்புக்குத் தயார் என்று தீமின் விவரத்தில் போட்டிருந்தால் அவற்றைத் தமிழாக்கிக்கொள்ளலாம். போட்டிருக்காவிட்டால், தமிழ்ப் பக்கத்தின் நடுவில் ரீட் மோர் ஆங்கிலத்தில் பல்லிளிக்கும்.

தீமோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அச்சகத்தில் அடித்த பழைய நோட்டீஸை அப்படியே ஒட்டிவிட்டு, தீம் சரியில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகள், தமிழ் வேடம் போட்டவை. இணையத்தில் ஒட்டியதும் வேடம் கலைந்து கிறுக்கலாகத் தெரியும். அதை முதலில் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துக்கே தனி எண் உள்ள முறைக்கு, மாற்றவேண்டும். எந்தத் தீமாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

போனில் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்

தீம் தேடுகிறவர் பெரும்பாலும் கணினியில் தேடுகிறார். தளத்தைப் பார்க்கப்போகிறவரோ பஸ்ஸில் நின்றுகொண்டு ஒற்றைக் கையில் போனைப் பிடித்திருக்கிறார். ஒரே தளம் திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மடித்துக்கொள்ளும் முறைக்கு 2010இல் ஈதன் மார்கோட் என்கிற வடிவமைப்பாளர் ரெஸ்பான்சிவ் என்று பெயர் வைத்தார். அதற்கு முன் கணினிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று இரண்டு தளங்களைக் கட்டி மாரடித்தவர்கள் பலர். இன்றைக்கு வருகிற தீம்களில் ரெஸ்பான்சிவ் இல்லாதது அரிது. ஆனால் மடங்குவது வேறு, நன்றாக மடங்குவது வேறு. டெமோவை உங்கள் போனில் திறந்து, கட்டைவிரலால் மட்டும் ஓட்டிப்பாருங்கள். மெனுப் பொத்தான் எட்டுகிறதா? தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா? கூகுளும் தேடலில் தளங்களை வரிசைப்படுத்த இப்போது போனில் தெரியும் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

முடிந்தால் வெயிலில் நின்று பாருங்கள். மத்தியானம் வடசேரி பஸ் ஸ்டாண்டின் வெளிப்பக்கம் நின்று, வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து போட்ட ஒரு தளத்தை நான் திறந்தபோது திரையில் என் முகம்தான் தெரிந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டுக்கு, பார்வை மங்கியவர்களுக்கும் தளம் எட்டவேண்டும் என்று வகுத்த அணுகல்தன்மை விதிகளில் ஓர் அளவு உண்டு. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1. அதைச் சரிபார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. மெலிந்த சாம்பல் எழுத்து நவநாகரிகம் என்று நினைக்கிற தீம்கள் பலவும் இந்தச் சோதனையில் தோற்கும்.

வேகத்துக்கு வருவோம். பேச்சிப்பாறைப் பக்கம் ஏறிவிட்டால் சிக்னல் வந்து வந்து போகும். அங்கே அந்தக் காப்பி வீடியோ திறக்குமா? கூகுள் சொல்லும் கணக்குப்படி, பக்கத்தில் இருக்கிற மிகப்பெரிய படமோ பத்தியோ 2.5 வினாடிக்குள் தெரிந்துவிட்டால் நல்ல வேகம். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்கிற கூகுளின் இலவசக் கருவியில் டெமோவின் முகவரியை ஒட்டினால் போனில் அது எப்படி ஓடும் என்று மதிப்பெண் போட்டுக் கொடுக்கும். வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யலாம், ஆனால் யாரும் செய்வதில்லை. மைனிக்குப் பிடித்த தீமுக்கு 100க்கு 30ஐத் தாண்டவில்லை. இன்னொரு அளவும் அதில் வரும், பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்று. ஆர்டர் பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் மேலே ஒரு படம் தாமதமாக வந்து இறங்கி, பொத்தான் கீழே நழுவி, விரல் வேறெதிலோ படுமே, அந்தக் குதிப்புதான். படம் வரும் முன்பே அதற்கு இடம் ஒதுக்கிவைக்கிற தீமில் இது நடக்காது.

தீமின் மேல் மட்டும் பழிபோடவும் கூடாது. போன் கேமராவில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் எந்தத் தீமும் திணறும். அகலத்தைக் குறைத்து, வெப்பி (WebP) என்கிற பட வடிவத்தில் சேமித்து ஏற்றினால் நூறு இருநூறு கேபிக்குள் வந்துவிடும்.

இலவசம், காசு, திருட்டு

இலவசத் தீம் என்றால் மட்டம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வ தீம் பட்டியலில் இருப்பவை பரிசோதிக்கப்பட்ட பிறகே உள்ளே வருகின்றன. 2010 தொடங்கி ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக, ஆண்டின் பெயரிலேயே வேர்ட்பிரஸின் சொந்த இயல்புத் தீம்கள் வந்திருக்கின்றன. அலங்காரம் குறைவு, வேகம் நன்று, முதல் தளத்துக்கு அவை போதும். அஸ்ட்ரா, ஜெனரேட்பிரஸ், கேடன்ஸ் போன்றவற்றின் இலவசப் பதிப்பும் எடை குறைந்தவைதான். எதை எடுத்தாலும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எத்தனை தளங்களில் ஓடுகிறது என்கிற இரண்டு தகவலையும் பாருங்கள், தீமின் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு வருஷமாகக் கை படாத தீம் பூட்டிய வீடு. கரையான் எங்கே ஏறியிருக்கிறது என்று குடிபுகுந்த பிறகுதான் தெரியும்.

காசு கொடுத்து வாங்கினால் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும், கூடுதல் வசதிகள் இருக்கும். உரிமம் ஒரு தளத்துக்கா பலவற்றுக்கா, உதவி எத்தனை மாதம் என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். நூறு டெமோ உள்ள ஒரே தீம் என்று கூவி விற்பவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. நீங்கள் பயன்படுத்துவது ஒன்றை, மற்ற தொண்ணூற்றொன்பதுக்கான சுமையில் ஒரு பங்கும் சேர்ந்து வரும். அதைவிடத் தொல்லை, பக்கத்தை அதற்கே உரிய குறியீடுகளில் கட்டுபவை. பிறகொரு நாள் தீமை மாற்றினால் உங்கள் எழுத்துக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகள் குப்பையாகச் சிதறிக் கிடக்கும்.

திருட்டு பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. தொழில் தொடங்கிய புதிதில், விலை உயர்ந்த ஒரு தீமைப் பூட்டுடைத்த பதிப்பாக யாரோ ஒருவர் பென்டிரைவில் கொடுத்தார். சந்தோஷமாக வாங்கி ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் போட்டேன். மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அவர் போன் செய்தார். கூகுளில் தேடி வருகிறவர்களுக்கு மட்டும் தளம் சூதாட்டப் பக்கத்துக்குத் தாவுகிறது, நேராக முகவரி அடித்து வந்தால் ஒழுங்காக இருக்கிறது. அதனால்தான் எனக்கோ அவருக்கோ அது கண்ணில் படவே இல்லை. உள்ளே யாரோ நாலு வரி நிரலைச் செருகி வைத்திருந்தார்கள். சுத்தம் செய்ய நாலு ராத்திரி போயிற்று, கூலி கேட்க வாய் வரவில்லை.

நிறத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். குடும்பத்தில் சண்டை வருவது நிறத்துக்காகத்தான், ஆனால் எந்தத் தீமிலும் ஒரு நிமிடத்தில் மாற்றக்கூடியது அதுதான். அமைப்பை முடிவு செய்யுங்கள், நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

மைனிக்கு எடுத்தது ஓர் இலவசத் தீம். வெள்ளைப் பின்னணி, ஒற்றைப் பத்தி அகலம், போனில் வரிசைக்கு ஒரு பலகாரம், கட்டமரன் எழுத்துரு, ஒவ்வொன்றின் கீழும் பச்சை வாட்ஸ்அப் பொத்தான். படங்களை மறுபடி எடுத்தோம். காலை ஒன்பது மணிக்குத் திண்ணையில் வெளிச்சம் நன்றாக விழும், அங்கே வாழையிலையில் பலகாரத்தை வைத்து, போனைப் படுக்கவைத்துப் பிடித்து. தளம் ஏறிய மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு அக்கா அழைத்து, முந்திரிக்கொத்து கிலோ என்ன விலை என்று கேட்டாராம். விலை தளத்திலேயேதான் இருந்தது, விளக்கத்துக்கும் கீழே. அன்று மாலையே அதைப் பெயருக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தோம். விளக்கத்தை ஆறு வரியிலிருந்து மூன்றாகக் குறைத்தோம், முந்திரி கிடையாது என்கிற வரியை மட்டும் விட்டுவைத்து.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது மைனி வாசலில் நின்று கேட்டார். "தம்பி, அந்தக் காப்பி ஊத்துற படத்தை மட்டும் அடியில எங்கயாவது சின்னதா போட்டுடலாமா?"